மூன்று மீட்டிங் சர்வர், ஒரே டெலிபோன் நம்பர்: பின் நம்பரை யார் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிண்டி அலுவலகத்தில் ஒரு ஈபிஏபிஎக்ஸ் (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்), அதில் ஒரு பிஆர்ஐ லைன் (ஒரே நேரத்தில் பல கால்களைச் சுமக்கும் டிஜிட்டல் டெலிபோன் லைன்). பயிற்சிப் பிரிவுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, அம்பத்தூர் ஆலைக்கு ஒன்று என்று தனித்தனியாக மூன்று பிக்புளூபட்டன் (நெட்டில் மீட்டிங் நடத்தும் மென்பொருள்) சர்வர்கள். நெட் சரியாகக் கிடைக்காதவர்கள் போனிலேயே மீட்டிங்கில் சேர ஒரே ஒரு 044 நம்பர் கொடுக்க வேண்டும். மீட்டிங் எந்த சர்வரில் நடந்தாலும் கால் அங்கே போய்ச் சேர வேண்டும். மூன்று சர்வர்களையும் ஒரே எஸ்ஐபி (நெட்வொர்க் வழியாகக் கால்களை இணைக்கும் முறை) யூசர்நேமில் ஈபிஏபிஎக்ஸில் ரெஜிஸ்டர் செய்து பார்த்திருக்கிறீர்கள். காலையில் பயிற்சி சர்வர் எடுக்கிறது, மதியம் அதே பின் நம்பரைத் தவறு என்கிறது, அப்போது விற்பனை சர்வர் எடுக்கிறது. சர்வருக்கு ஒரு நம்பர் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டியதில்லை, ஒரு நம்பர் போதும். பின் நம்பரைக் கேட்கும் வேலையை சர்வர்களிடமிருந்து எடுத்து, நடுவில் ஒரே இடத்தில் வையுங்கள். மற்ற சிக்கல்கள் பெரும்பாலும் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்ற குழப்பத்துக்குக் காரணத்தைத் தயங்காமல் சொல்லலாம். ஒவ்வொரு பிக்புளூபட்டனுக்குள்ளும் குரலைக் கவனிக்க ஃப்ரீஸ்விட்ச் என்ற மென்பொருள் ஒன்று ஓடுகிறது. அதற்குத் தன் சர்வரில் திறந்திருக்கும் அறைகள் மட்டும்தான் தெரியும். பக்கத்து சர்வரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எஸ்ஐபி ரெஜிஸ்ட்ரேஷன் என்பது "இந்தப் பெயருக்கு வரும் காலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஈபிஏபிஎக்ஸில் எழுதிவைப்பது. ஒரு பெயருக்கு ஒரே முகவரி என்று அமைந்திருந்தால், கடைசியாகப் பதிந்தவர் முந்தையவரை அழித்துவிடுவார். ரெஜிஸ்ட்ரேஷன் குறித்த இடைவெளியில் புதுப்பிக்கப்படுவதால் மூன்று சர்வர்களும் மாறி மாறி அந்த இடத்தைப் பிடிக்கின்றன. அந்த நிமிடம் யார் பிடித்திருக்கிறாரோ அவரிடம் கால் போகிறது. மற்ற இரண்டு சர்வர்களின் பின் நம்பர்கள் அவருக்குத் தெரியாதவை, ஆகவே தவறு என்கிறார். ஃப்ரீஸ்விட்ச் பிழை ஏதுமில்லை; மூன்று சர்வர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஈபிஏபிஎக்ஸுக்கும் மூன்று சர்வர்களுக்கும் நடுவில் அஸ்டெரிஸ்க் (கால்களைத் திருப்பிவிடும் டெலிபோன் மென்பொருள்) ஓடும் ஒரு மெஷின் வையுங்கள். உங்கள் ஈபிஏபிஎக்ஸே அஸ்டெரிஸ்க்கில் ஓடுவதாக இருந்தால் தனி மெஷின் வேண்டாம், அதிலேயே எழுதிக்கொள்ளலாம். ஒரு பிஆர்ஐயில் ஒரே நேரத்தில் வரக்கூடியது அதிகபட்சம் 30 கால். அந்த 30 காலையும் கோடெக் (குரலைக் குறியீடாக்கும் முறை) மாற்றாமல் கடத்திவிட இரண்டு கோர், நான்கு ஜிபி ராம் தாராளம். ஈபிஏபிஎக்ஸிலிருந்து இந்த மெஷினுக்கு ஒரு எஸ்ஐபி ட்ரங்க் (இரு மெஷின்களுக்கு நடுவில் கால்கள் போகும் பாதை), இந்த மெஷினிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எஸ்ஐபி ட்ரங்க். எதிலும் ரெஜிஸ்ட்ரேஷன் வைக்காதீர்கள். இரு பக்கமும் நிலையான ஐபி இருக்கும்போது ஐபியை வைத்தே அடையாளம் காணலாம். மேலே சொன்ன இழுபறிக்கு அப்புறம் இடமே இருக்காது. அஸ்டெரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கவனிக்க பிஜேசிப் பகுதியையே பயன்படுத்துங்கள். பழைய சான்-சிப் பகுதி 21ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் நெட்டில் கிடைக்கும் உதாரணங்களில் பல இன்னும் அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

உங்கள் ஈபிஏபிஎக்ஸ் பழைய மாடல் என்றால் எஸ்ஐபி ட்ரங்குக்குத் தனி லைசென்ஸ் கேட்கும், அதுவும் சேனல் கணக்கில். வாங்கும் முன் எத்தனை சேனல் என்று பார்த்து வாங்குங்கள். லைசென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஈபிஏபிஎக்ஸில் இன்னொரு இ1 கார்டு (பிஆர்ஐ லைனைச் செருகும் கார்டு), நடு மெஷினில் ஒரு இ1 கார்டு போட்டு நேராக இணைக்கலாம். இதற்குக் கிராஸ் கேபிள் வேண்டும்: 1, 2 பின்கள் எதிர்ப்பக்கத்தில் 4, 5க்குப் போக வேண்டும். ஒரு பக்கம் நெட்வொர்க், மறுபக்கம் யூசர் என்று வையுங்கள். கிளாக் (இரு பக்கத்தையும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் நேரத்துடிப்பு) ஒரே ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். இரண்டு பக்கமும் தன் கிளாக்கில் ஓடினால் லைன் எழும், பேசவும் முடியும், ஆனால் நடுநடுவே "டிக் டிக்" என்று வெட்டும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இனி பின் நம்பர். பிக்புளூபட்டனில் மீட்டிங்கை உருவாக்கும் ஏபிஐ (வெளி மென்பொருள் சர்வருக்குக் கட்டளை தரும் வழி) கட்டளையில் வாய்ஸ்பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. 10000 முதல் 99999 வரை ஐந்து இலக்க எண். போனில் வருபவர் அழுத்த வேண்டிய பின் நம்பர் அதுதான். இந்த எண்ணை நாமே கொடுக்கலாம் என்பதில்தான் மொத்தத் தீர்வும் இருக்கிறது. பயிற்சி சர்வரின் எல்லா மீட்டிங்கும் 1இல் தொடங்கட்டும், விற்பனைக்கு 2, அம்பத்தூருக்கு 3. ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் எண்கள் கிடைக்கும், உங்கள் அளவுக்கு அது ஏராளம். நடு மெஷின் பின் நம்பரின் முதல் இலக்கத்தைப் பார்த்து அந்த சர்வரின் ட்ரங்கில் காலைத் தள்ளிவிடும். டேட்டாபேஸ் வேண்டாம், ஸ்கிரிப்ட் வேண்டாம். டயல்பிளானில் (எந்த எண்ணை எங்கே அனுப்புவது என்ற விதிகள்) மூன்று வரி. நாளை நான்காவது சர்வர் வந்தால் நான்காவது வரி. தபாலுக்குப் பின்கோடு எப்படியோ அப்படி. முதல் இலக்கத்திலேயே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது.

மீட்டிங்கை உருவாக்கும் மென்பொருள் வாய்ஸ்பிரிட்ஜைத் தர இடம் கொடுக்காவிட்டால் சர்வரே ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அப்போது முதல் இலக்கம் நம் கையில் இல்லை. ஒரு சர்வர் எடுத்த எண்ணையே இன்னொரு சர்வரும் எடுக்க வாய்ப்பிருக்கிறது. சர்வருக்கு 33 மீட்டிங் வீதம் ஒரே நேரத்தில் ஓடினால், ஏதாவது இரண்டு சர்வர்களில் ஒரே எண் விழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை சதவீதம். சிறிய எண்தான், ஆனால் விழுந்த அன்று விற்பனை ஆள் ஒருவர் பயிற்சி வகுப்பில் போய் உட்காருவார். இந்த நிலையில் நடு மெஷின், பின் நம்பர் வந்ததும் மூன்று சர்வர்களிடமும் நடக்கும் மீட்டிங்குகளின் பட்டியலை ஏபிஐ வழியாகக் கேட்க வேண்டும். பதிலில் ஒவ்வொரு மீட்டிங்கின் வாய்ஸ்பிரிட்ஜும் வரும். பொருந்தும் சர்வருக்கு அனுப்பலாம். மூன்று சர்வர்களின் ரகசியச் சாவியும் நடு மெஷினில் இருக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை யார் தொடலாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். மூன்று சர்வர்களையும் ஸ்கேல்லைட்டின் (மீட்டிங்குகளை சர்வர்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) பின்னால் வைத்திருந்தால் கதை வேறு. அங்கே மீட்டிங் எந்த சர்வருக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே முதல் இலக்க உத்தி உதவாது. ஸ்கேல்லைட்டே எல்லா சர்வர்களுக்கும் பொதுவாக எண் வழங்கி, ஃப்ரீஸ்விட்ச் கேட்டால் எந்த சர்வர் என்று பதில் சொல்லும் வசதியை வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், நீங்களாக ஒன்று எழுத வேண்டாம்.

நடு மெஷினில் கால் வந்ததும் எடுத்து, ஒரு விநாடி பொறுத்து, "உங்கள் மீட்டிங்கின் ஐந்து இலக்க எண்ணை அழுத்துங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வையுங்கள். அந்த ஒரு விநாடி இல்லாவிட்டால் "உங்கள்" காதில் விழாது, "மீட்டிங்கின்" என்றுதான் தொடங்கும். குரலை 8 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஐந்து இலக்கம் வந்ததும் மேலே போகட்டும், ஹேஷ் அழுத்தச் சொல்லாதீர்கள். தவறினால் மூன்று முறை வாய்ப்பு, பிறகு ரிசப்ஷனுக்கு அனுப்புங்கள். சும்மா துண்டித்தால் அவர் மறுபடி மறுபடி அழைத்துச் சேனலை அடைப்பார். பிஆர்ஐயில் வரும் டிஐடி (அழைக்கப்பட்ட நம்பர்) இலக்கங்களை, லைன் கொடுப்பவர்களில் சிலர் கடைசி நான்கு மட்டும் அனுப்புவார்கள், சிலர் 44உடன் பத்தும் அனுப்புவார்கள். ஊகித்து எழுதாமல் ஒரு கால் போட்டு ட்ரேஸில் பார்த்து எழுதுங்கள்.

சர்வர் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் இரண்டு விஷயம் தவறக்கூடாது. ஃப்ரீஸ்விட்சின் பப்ளிக் டயல்பிளானில் ஐந்து இலக்க எண்ணுக்கு ஒரு விதி எழுதி, பிபிபி-ஆதரைஸ்ட் என்ற மாறியை ட்ரூ என்று வைத்த பிறகே அறைக்கு மாற்ற வேண்டும். இது இல்லாமல் பிக்புளூபட்டன் யாரையும் உள்ளே விடாது. இரண்டாவது, அந்த எண்ணில் கான்ஃபரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் மாற்றினால் ஃப்ரீஸ்விட்ச் அந்த எண்ணில் புதிதாக ஒரு வெற்று அறையைத் திறந்து அவரை உட்கார வைத்துவிடும். அவர் இன்னும் யாரும் வரவில்லை என்று நினைத்துக் காத்திருப்பார். மீட்டிங் தொடங்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கட்டும். இன்னொன்று: போனில் வருபவரின் நம்பர் பங்கேற்பாளர் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்து அனுப்புங்கள்.

அதிகம் படுத்துவது டிடிஎம்எஃப், அதாவது போனில் பட்டன் அழுத்தும்போது எழும் ஓசை. பல்லாவரத்திலிருந்து ஒருவர் மொபைலில் 24813 அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிஆர்ஐயில் அது ஓசையாகவே வருகிறது. ஈபிஏபிஎக்ஸ் அந்த ஓசையைக் கேட்டு, எஸ்ஐபி பக்கத்தில் ஆர்எஃப்சி 2833 என்ற தரநிலைப்படி செய்தியாக மாற்றி அனுப்புகிறது. ஆனால் ஓசையை முழுக்க வெட்டாமல் கொஞ்சம் குரலோடு விட்டுவிடுகிறது. எதிர்முனை செய்தியையும் எடுத்து, குரலுக்குள்ளும் ஓசையைத் தேடினால் ஒவ்வொரு இலக்கமும் இரண்டு முறை விழும். 2, 2, 4, 4, 8. ஐந்து இலக்கம் ஆகிவிட்டது, 22448 என்று எடுத்துக்கொண்டு போய்விடும். முதல் இலக்கம் சரி, ஆகவே சரியான சர்வருக்குப் போய் அங்கே "தவறான எண்" என்று திரும்பும். லாகில் சரியான சர்வர், தவறான அறை என்று தொடர்ந்து பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லாப் பக்கமும் ஆர்எஃப்சி 2833 மட்டும் என்று வையுங்கள்; இப்போது அதை 4733 என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. பிக்புளூபட்டன் மாதிரி டயல்பிளானில் ஓசையைத் தேடும் ஒரு வரி இருக்கும். பின் நம்பரை நடு மெஷின் கேட்கும்போது சர்வரில் அந்த வரிக்கு வேலையில்லை, எடுத்துவிடுங்கள்.

கோடெக் விஷயத்தில், இந்தியாவில் பிஆர்ஐ ஏ-லா என்ற கோடெக்கில் ஓடுகிறது. நடு மெஷினிலும் சர்வர்களிலும் ஏ-லாவை முதலில் வையுங்கள். ஈபிஏபிஎக்ஸ் ஜி.729 (குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக்) மட்டும் கொடுத்தால் 488 என்று மறுப்பு வரும், ஏனென்றால் சாதாரண ஃப்ரீஸ்விட்ச் ஜி.729ஐக் கடத்துமே தவிர, கான்ஃபரன்ஸில் கலக்கும்படி பிரிக்காது. கால் இணைந்து சரியாக 32 விநாடியில் அறுந்தால் குரலில் தேடாதீர்கள். அழைப்பை ஏற்றதற்கான ஏசிகே செய்தி போய்ச் சேரவில்லை. எஸ்ஐபியின் அரை விநாடி அடிப்படை நேரம் 64 முறை ஆனதும் எதிர்முனை கைவிட்டுவிடுகிறது. பெரும்பாலும் ஃபயர்வாலில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி செய்திகளைத் தானாக மாற்றியெழுதும் வசதி) இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் செஷன் டைமர்: நடுவில் வரும் புதுப்பிப்பு ரீ-இன்வைட்டை ஏதோ ஒரு பக்கம் ஏற்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் எஸ்டிபியில் (குரலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற குறிப்பு) 192.168 என்று உள் ஐபி போயிருக்கும். சர்வரின் வெளி ஐபியை ஃப்ரீஸ்விட்சில் குறிப்பிட வேண்டும். இந்த மூன்றில் உங்களுக்கு எது வரும் என்பது உங்கள் ஃபயர்வாலையும் ஈபிஏபிஎக்ஸையும் பொறுத்தது. எஸ்என்ஜிரெப் (எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் கருவி) போட்டு ஒரு காலை முழுக்கப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திட்டமிடும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது சேனல் கணக்கு. வெளியிலிருந்து போனில் சேரும் ஒவ்வொருவரும் மீட்டிங் முடியும்வரை ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். திங்கள் காலை ஆலை மீட்டிங்கில் 22 பேர் போனில் வந்தால், மொத்த அலுவலகத்துக்கும் மிச்சம் எட்டு. ரிசப்ஷன் நம்பர் பிஸி என்று புகார் வரும், யாரும் மீட்டிங்கோடு அதை முடிச்சுப் போட மாட்டார்கள். நடு மெஷினில் மீட்டிங் கால்களுக்கு 18 அல்லது 20 என்று உச்சவரம்பு வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று மணி நேர எல்லையும் வையுங்கள், துண்டிக்க மறந்த போன் இரவெல்லாம் சேனலைப் பிடிக்காது. அலைவரிசை பெரிதல்ல, ஏ-லா ஒரு காலுக்கு ஈதர்நெட்டில் ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ், 30 கால் என்றாலும் 2.6 எம்பிபிஎஸ். அம்பத்தூர் சர்வர் ஆலையிலேயே இருந்தால் கிண்டி–அம்பத்தூர் லிங்கில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இதோடு சேர்ந்தது ஹோல்டு மியூசிக். எக்ஸ்டென்ஷனிலிருந்து மீட்டிங்கில் இருக்கும் ஒருவர் இன்னொரு கால் வந்ததும் ஹோல்டு அழுத்துவார். ஈபிஏபிஎக்ஸ் உடனே அந்தப் பக்கத்துக்கு இசையை அனுப்பும். அந்தப் பக்கம் என்பது 40 பேர் இருக்கும் மீட்டிங். யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை பேச்சே நடக்காது. நடு மெஷினுக்குப் போகும் ட்ரங்கில் ஹோல்டு மியூசிக்கை அணைத்துவிடுங்கள். ஈபிஏபிஎக்ஸில் ட்ரங்குவாரியாக அணைக்க முடியாவிட்டால், இசைக் கோப்பையே மௌனமாக மாற்றுங்கள். இந்த ஒரு காரியத்துக்காக ஊழியர்கள் உங்களை நன்றியோடு நினைப்பார்கள்.

பாதுகாப்பில் ஒரே விதி: சர்வர்களின் 5060 போர்ட் நடு மெஷினின் ஐபிக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் வந்து வெளிநாட்டு நம்பர்களை முயன்று பார்க்கத் தொடங்கும். வெளியே அழைக்கும் வசதியும் அதே பாதையில் இருந்தால் பில் உங்கள் தலையில். சர்வரிலிருந்து வரும் எந்தக் காலும் பிஆர்ஐக்குப் போக முடியாதபடி நடு மெஷினில் தனி கான்டெக்ஸ்ட் (டயல்பிளானில் தனி விதித் தொகுப்பு) வையுங்கள்.

சட்டப் பக்கத்தில் நிச்சயமானது, இந்தியாவில் டோல் பைபாஸ் கூடாது. வெளிநாட்டுக் குரலை இன்டர்நெட்டில் கொண்டுவந்து உள்ளூர் டெலிபோன் லைனில் இறக்குவதை லைசென்ஸ் பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தியது ஓஎஸ்பி (பிற சேவை வழங்குநர்) விதிகளை. அவை கால் சென்டர் போன்ற சேவைகளுக்கானவை. அதை வைத்து "எல்லாம் இப்போது சரி" என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்வர்கள் மூன்றும் சென்னையில், பேசுபவர்கள் உங்கள் ஊழியர்கள் என்றால் சிக்கல் குறைவு. வெளிநாட்டுக் கிளை ஆட்கள் நெட்டில் சேரும் அதே மீட்டிங்கில் பிஆர்ஐ கால்களும் வருமென்றால், உங்கள் அமைப்பை ஒரு படமாக வரைந்து லைன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் டெலிபோன் பக்கம் அறிந்தவன், வழக்கறிஞர் இல்லை. அந்தக் கடிதம் என் வார்த்தையைவிட மதிப்புள்ளது.

மூன்றில் ஒன்றை ஜிட்சிக்கு (இன்னொரு மீட்டிங் மென்பொருள்) மாற்றும் எண்ணம் இருந்தாலும் இதே அமைப்பு நிற்கும். அங்கே ஜிகாசி என்ற பகுதி எஸ்ஐபி காலை ஏற்கும். அறையின் பெயரை எண்ணாகக் கொடுக்காமல் எஸ்ஐபி ஹெடரில் கொடுக்க வேண்டும், அதை நடு மெஷினே சேர்த்துவிடலாம். பின் நம்பர் கேட்கும் இடம் மாறுவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

சோதிக்கும்போது உள்ளிருந்து வெளியே வாருங்கள். முதலில் நடு மெஷினிலேயே ஒரு சாஃப்ட்போனை ரெஜிஸ்டர் செய்து மூன்று சர்வர்களுக்கும் கால் போடுங்கள். அடுத்து ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து. கடைசியாக மொபைலிலிருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் சரியான பின் நம்பர், தவறான பின் நம்பர், தொடங்காத மீட்டிங் மூன்றையும் பாருங்கள். ஒரு காலையாவது 40 நிமிடம் துண்டிக்காமல் வைத்திருங்கள், செஷன் டைமர் அதில்தான் அகப்படும். எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒருமுறை ஹோல்டு அழுத்திப் பாருங்கள். எல்லாம் சரி என்றானதும் நடு மெஷினின் பவரைப் பிடுங்கி, அந்த 044 நம்பருக்கு வரும் கால் ரிசப்ஷனுக்குத் தானாகப் போகிறதா என்று பாருங்கள்; ஈபிஏபிஎக்ஸில் அந்த மாற்றுவழியை எழுதாமல் விட்டால் நடு மெஷின் படுத்த அன்று அழைப்பவர் காதில் வெறும் மௌனம்தான். அந்த மெஷினும், லைன் கொடுத்தவர் வைத்திருக்கும் மோடமும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். தரைத்தளத்தில் இருந்தால் மேலே ஏற்றிவிடுங்கள்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.